பள்ளிக்கூடத்தின் வாசல் எந்தப் பக்கம்?

பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கொடிக்கம்பம் மட்டும் நிற்கிறது. அதன் பீடத்தில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. வேதாரண்யம் வட்டாரத்தில் இப்படி ஒரு பள்ளிக்கூடத்து மனையை அண்மையில் நாம் போய்ப் பார்த்தோம். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பெற்றோர்கள் கேட்டுக்கொண்டார்கள். பெயர் வந்தால் நாளைக்குத் தங்கள் பிள்ளைகளைத்தான் கேட்பார்கள் என்பது அவர்களின் அச்சம். அதில் நியாயம் இருப்பதால் நாமும் எழுதவில்லை.

புதிய கட்டடம் வரப்போகிறது என்கிறார்கள். பொறியாளர் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். மகிழ்ச்சிதானே என்று கேட்டோம். காலனியில் யாரும் உடனே தலையாட்டவில்லை. கட்டடம் வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எங்கே கட்டுகிறார்கள், எந்த மட்டத்தில் கட்டுகிறார்கள், கட்டி முடியும்வரை பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள், வாசல் எந்தப் பக்கம் திறக்கும் என்றுதான் கேட்கிறார்கள். இதில் ஒன்றுக்கும் இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

இடித்ததற்குக் காரணம் இருந்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும்படி தமிழ்நாடு முழுவதும் உத்தரவு போனது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த டெல்டாக்காரர்களுக்கு இந்த அவசரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததும் நம் பக்கம்தான். அந்தக் காற்றில் ஆட்டம் கண்ட சுவருக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

பணமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பேராசிரியர் அன்பழகன் பெயரில் 2022-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு 5 ஆண்டுகளில் ரூ.7,000 கோடி என்று சொன்னார்கள். ஆனால் பொக்லைன் வைத்து இடிக்க அரை நாள் போதும். கட்டுவதற்கு மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர், ஒப்பந்ததாரர், மணல், மழை என்று எத்தனையோ படிகள் இருக்கின்றன. இடையில் போகும் ஒவ்வொரு ஆண்டும் ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பு.

அரசு நினைத்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்பதை வேதாரண்யத்துக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 25 அன்று இங்கே அம்பேத்கர் சிலையை உடைத்தார்கள். மறுநாள் காலையில் அதே இடத்தில் புதிய சிலை நின்றது. பதற்றம் பரவாமல் இருக்க அது வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. அந்தச் சிலைக்கு மாலை போடும் தெருவின் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை கிடைக்க எத்தனை ஐப்பசி ஆகும் என்று ஓர் இளைஞர் கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை.

இப்போதைக்கு வகுப்பு எங்கே நடக்கிறது? ஊர்த்தெருவில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில். கட்டடம் இடிக்கப்பட்ட பள்ளிகளைக் கோயில் மண்டபத்திலும் சமுதாயக்கூடத்திலும் மரத்தடியிலும் நடத்துவது தமிழ்நாட்டில் பல இடங்களில் பார்த்த காட்சிதான். ஆசிரியருக்கு அது நிழலும் சிமெண்டுத் தரையும் உள்ள இடம். காலனிப் பிள்ளைக்கு அது, திருவிழா அன்று அப்பாவும் அம்மாவும் தள்ளி நின்று கும்பிடும் இடம். உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் தூணில் சாயாமல் உட்காரும்படி மகளிடம் சொல்லி அனுப்பியதாக ஒரு தாய் நம்மிடம் சொன்னார். அவரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை, அவராகவே சொல்லி அனுப்பியிருக்கிறார். மகளுக்கு ஏழு வயது.

காலனியிலும் ஒரு சமுதாயக்கூடம் இருக்கிறது. மின்விசிறி ஓடுகிறது, கதவு பூட்டுகிறது. அங்கே வகுப்பு வைத்தால் என்ன என்று பெற்றோர்கள் கேட்டிருக்கிறார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று பதில் வந்ததாம். நம் பிள்ளைகள் அங்கே போகத் தயங்குவதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் இங்கே வரத் தயங்குவது மட்டும் எப்படியோ கணக்கில் ஏறிவிட்டது.

பட்டியல் சாதியினரைக் கல்வி நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதை 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் வன்கொடுமைக் குற்றங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வாசலில் நின்று ஒருவர் தடுத்தால் அந்தச் சட்டம் பேசும். ஏழு வயதுப் பிள்ளை தானாகவே தூணை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தால் யார் மேல் வழக்குப் போடுவது?

இந்தச் சிக்கல் இன்றைக்கு வந்ததில்லை. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு காலத்தில் கிராமப் பள்ளி என்பது அக்கிரகாரத்துத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் நடந்தது. அந்தத் தெருவுக்குள்ளேயே கால் வைக்க முடியாதவர்களுக்கு, பள்ளி எல்லோருக்கும் பொது என்று எழுதி வைத்து என்ன பயன்? அதனால்தான் 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென்று தனியே இலவசப் பள்ளி தொடங்கினார். 1920-களில் அன்றைய சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை சேரிகளுக்கு அருகிலேயே பள்ளிகளைத் திறந்தது. லேபர் ஸ்கூல் என்று பெரியவர்கள் சொல்வது அவற்றைத்தான். இன்று 1,100-க்கும் மேல் இருக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. பள்ளியை எந்த இடத்தில் வைப்பது என்ற கேள்விக்கு நம் முன்னோர் போராடி வாங்கிய பதில் அவை.

அந்தப் பதில் இன்றைக்கும் சரியா என்பதில் நமக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. 2023 மார்ச்சில் பட்ஜெட்டில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அறிவித்தார்கள். தலித் அமைப்புகளிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. நமக்கென்று இருக்கும் நிலமும் விடுதியும் ஆசிரியர் பணியிடமும் இதில் கரைந்துபோகும் என்றார்கள். நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது, எல்லாப் பள்ளிகளும் ஒரே துறையின் கீழ் வர வேண்டும் என்றது. இரண்டு பக்கத்திலும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

நாம் போன காலனியிலும் அதே பிளவைப் பார்த்தோம். பள்ளி காலனிக்குள்ளேயே வரட்டும் என்பது வயதானவர்களின் விருப்பம். பக்கத்தில் இருக்கும், மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரலாம், யார் பேச்சும் கேட்க வேண்டாம். இளைஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காலனிக்குள் கட்டினால் ஊர்த்தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வேன் ஏறித் தனியார் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்விடுவார்கள், எண்ணிக்கை குறையும், பிறகு பிள்ளைகள் இல்லை என்று சொல்லிப் பள்ளியையே மூடுவார்கள் என்கிறார்கள். ஒரு பட்டதாரிப் பெண் இதற்கு மேலும் ஒன்று சொன்னார். தான் கல்லூரிக்குப் போகும்வரை வேறு சாதிப் பெண் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லையாம். முதல் நாள் என்ன பேசுவது என்றே தெரியவில்லையாம்.

நமக்கு இளைஞர்கள் சொல்வதே சரி என்று படுகிறது. ஊரும் காலனியும் சேர்ந்து நடக்கும் சாலையின் ஓரத்தில், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே தூரம் நடந்து வரும் இடத்தில் பள்ளி இருக்க வேண்டும். அப்படி ஒரு புறம்போக்கு மனை அந்த ஊரில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரியவர்களின் பேச்சைப் பத்தாம்பசலித்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. சாலை ஓரத்து இடத்துக்குப் பள்ளி போய்விட்டால், கைவசம் இருக்கும் காலனி மனை யாருக்குப் போகும் என்று அவர்கள் கேட்கிறார்கள். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் மிராசுதார் நிலமும் போகக் காலனிக்கென்று மிஞ்சும் பொது இடம் ஒரு திடல்தான். அதை நூலகத்துக்கோ அங்கன்வாடிக்கோ எழுதி வைத்துவிட்டுப் பிறகு நகருங்கள் என்கிறார்கள். நல்ல யோசனை.

அடுத்தது மட்டம். காலனி எப்போதும் பள்ளத்தில்தான் இருக்கும், இதை டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் நிரம்பினால் முதலில் தண்ணீர் ஏறுவது அங்கேதான். பள்ளிக் கட்டடத்தின் தரை, சாலை மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் என்பதை வரைபடத்திலேயே குறிக்கச் சொல்ல வேண்டும். புயல் வந்தால் நாம் ஒதுங்குவதும் அந்தக் கட்டடத்தில்தானே.

தண்ணீரும் அப்படித்தான். இங்கே பல இடங்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிப்பதற்குக் கொள்ளிடத்துத் தண்ணீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கொண்டுவருகிறார்கள். அந்த உப்புத் தண்ணீரிலேயே கான்கிரீட் கலந்து, அதையே ஊற்றிக் கட்டடத்தை நனைத்தால், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பும். பிறகு கூரையிலிருந்து காரை பெயர்ந்து பிள்ளைகள் தலையில் விழும். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று தெரியும். வேலை நடக்கும்போது லாரித் தண்ணீர் வருகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். கேட்டால் ஒப்பந்ததாரர் முறைப்பார், முறைக்கட்டும்.

யாரிடம் கேட்பது என்று பலரும் நம்மிடம் விசாரித்தார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம், நகராட்சிப் பள்ளி என்றால் நகராட்சி அலுவலகம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பெரும்பாலும் தாட்கோ கட்டுகிறது. மதிப்பீட்டின் நகலையும் மனை வரைபடத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

அதைவிடக் கைக்கு எட்டும் வழி ஒன்று உண்டு. பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. நாம் போன ஊரில் காலனிப் பெண்கள் சிலர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். ஆனால் நோட்டுப் புத்தகம் வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்களாம். கட்டடத்தை இடிக்கும் தீர்மானத்தில்கூட அவர்கள் கையெழுத்து இருக்கலாம், அவர்களுக்கே நினைவில்லை.

இனி நோட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். கட்டடம் பற்றி நான்கு வரி எழுதியும் வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்தான் அம்மாக்கள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். சாலை ஓரத்து மனை, சாலைக்கு மேல் தரைமட்டம், பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை, கடைசியாக வாசல்.

வாசலைப் பற்றி ஏன் தனியாக எழுதினீர்கள் என்று கேட்டோம். பழைய பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எடுத்தபோது ஊர்த்தெருப் பக்கம் மட்டும் கேட் வைத்துவிட்டார்களாம். காலனியிலிருந்து பார்த்தால் பள்ளி கண்ணுக்கு எதிரே தெரியும். போவதற்கு வாய்க்கால் மதகு வழியாகச் சுற்றி, ஊர்த்தெருவைக் கடந்து போக வேண்டும். காலையில் மணி அடித்த பிறகு சுவரேறிக் குதித்ததற்காக அடி வாங்கிய பையன்கள் இன்று அப்பாக்களாக இருக்கிறார்கள். புதிய சுவரில் காலனிப் பக்கமும் ஒரு கேட் வேண்டும் என்பது நான்காவது வரி. அடுத்த கிராம சபையில் அதைப் படிக்கப்போகிறார்கள்.

யார் எழுந்து படிப்பது என்பது மட்டும் நாம் கிளம்பும்வரை முடிவாகவில்லை.