பெண் கல்யாணத்துக்கு ஏன் அழைக்கவில்லை?

செம்பூருக்கு நாங்கள் குடிவந்து 38 வருடங்கள் ஆகின்றன. சங்கத்து அன்பர்கள் வீட்டுக் கல்யாணம் எதையும் நான் தவறவிட்டதில்லை. பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்க பொண்ணுக்கு எப்போ?" நானும் "நேரம் வரணுமே!" என்று சிரித்து மழுப்பிவிடுவேன்.

அந்த நேரம் 2024 ஜூன் மாதம் வந்தது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. ஆனால் இங்கே யாருக்கும் பத்திரிகை வைக்கவில்லை. சிலருக்கு என்மேல் வருத்தம் என்று காதில் விழுந்தது. நியாயமான வருத்தம்தான். அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

என் பெண் இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரில் வேலை பார்க்கிறாள். அங்கேயே குடியுரிமையும் வாங்கிவிட்டாள். அவள் மணந்துகொண்டது ஒரு பெண்ணை. சாமர்செட் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், பள்ளிக்கூட ஆசிரியை. இங்கிலாந்தில் 2014 மார்ச் 29 முதல் இப்படிப்பட்ட திருமணங்கள் சட்டப்படி நடக்கின்றன. இதை மகள் எங்களிடம் முதலில் சொன்னது 2019-இல். மனம் ஒப்ப எங்களுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்பது தனிக் கதை. நான் எழுத வந்தது கல்யாண ஏற்பாட்டைப் பற்றி.

"மண்டபம் வேண்டாம்மா. அவங்க பண்ணையிலேயே வச்சுக்கறோம். மொத்தம் ஐம்பது பேர்" என்றாள் மகள். "ஐம்பது பேரா? நம்ம பக்கம் பெண் பார்க்கவே அவ்வளவு பேர் வருவார்களே!" என்றார் என் கணவர்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசித் திட்டம் போட்டோம். முகூர்த்தம் பார்க்கவில்லை. புல் அறுவடை முடிந்து வயல் காலியாகும் சனிக்கிழமைதான் முகூர்த்தம். காய்ந்த புல்லைக் கட்டிய கட்டுகள்தான் நாற்காலி. மேலே விரிக்க நம் ஊர் ஜமுக்காளம். மழை வந்தால் ஒதுங்க ஒரு கூடாரம், வாடகைக் கழிப்பறைகள், ஒரு ஜெனரேட்டர். பட்டுப்புடவைக்கு உள்ளே ஸ்வெட்டர், காலுக்கு ரப்பர் செருப்பு என்று மகள் எனக்குத் தனிப் பட்டியலே அனுப்பினாள்.

பண்ணை வயல் திருமணம் செய்ய அனுமதி பெற்ற இடம் அல்ல. ஆகவே சட்டப்படியான திருமணம் வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் நடந்தது. நம் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு உண்டல்லவா? அங்கே 28 நாள். இருவரும் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். பதிவுத் திருமணத்தில் மத சம்பந்தமான வாசகம் எதுவும் கூடாது. இரண்டு சாட்சிகள் தேவை. நானும் அந்தப் பெண்ணின் தாயாரும் கையெழுத்துப் போட்டோம். இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முன்பெல்லாம் அங்கே திருமணப் பதிவில் தகப்பனார் பெயர் மட்டும்தான் இருக்குமாம். 2021 மே மாதத்திலிருந்து தாயார் பெயரும் தொழிலும் பதிவாகின்றன. 31 வருடம் கணக்கெழுதிய என் உத்தியோகமும் அதில் ஏறிவிட்டது!

இதெல்லாம் சுலபம். கஷ்டமெல்லாம் அழைப்புப் பட்டியலில்தான் இருந்தது.

எங்கள் பங்குக்குப் பன்னிரண்டு இடம். பத்திரிகை அடித்துக் கல்யாணம் செய்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அறுநூறு பேருக்கு மஞ்சள் தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். எனக்கோ ஒவ்வொருவரையும் அழைப்பதற்கு முன் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டெலிபோனை எடுத்து, எண்ணைப் பாதி அழுத்தி, வைத்துவிட்ட நாட்கள் எத்தனையோ. யாரிடம் சொல்ல மிகவும் பயந்தேனோ அந்த நாத்தனார் (வயது 74) முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு சைவமா?" என்று மட்டும் கேட்டார். "முட்டை சாப்பிடுவாள்" என்றேன். "போகட்டும், டிக்கெட் போடு" என்றார். தஞ்சாவூரில் இருக்கும் என் அண்ணனோ, "உன் பொண்ணு நல்லா இருக்கட்டும். என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து அவளைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன். பன்னிரண்டில் ஏழு பேர்தான் கிளம்பினோம்.

எங்கள் பக்கத்தில் மாலை தாய்மாமன் கொண்டுவர வேண்டும். அதனால் இரண்டு மாலைகளையும் நானே கட்டுவது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை பண்ணை வீட்டுச் சமையலறையில் ரோஜாவும் ஸ்வீட் பீயும் கூடை கூடையாக வந்து இறங்கின. வாழைநாருக்கு எங்கே போவது? நூல்கண்டுதான். சம்பந்தியம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டக் கற்றுக்கொண்டார். நாலு கண்ணி போட்டால் மூன்று அவிழ்ந்தது. நடுவில் மெதுவாகச் சொன்னார்: "என் கணவரின் தம்பி நாளைக்கு வரவில்லை. இந்தக் கல்யாணத்தில் அவருக்குச் சம்மதம் இல்லை." நான் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். பிறகு இருவரும் ஒன்றும் பேசாமல் ராத்திரி பதினொரு மணி வரை கட்டினோம்.

சனிக்கிழமை மழை இல்லை. புரோகிதரும் இல்லை, அவர்களுடைய சிநேகிதி ஒருத்தி நடத்திவைத்தாள். இருவரும் தாங்களே எழுதிய ஒரு பக்கத்தை வாசித்தார்கள். செல்போனில் நாதஸ்வரம் ஒலிக்க, அடுத்த வயல் மாடுகள் வேலியோரம் வந்து நின்று கேட்டன. மாமன் இடத்தில் நின்று நாத்தனார் மாலைகளை எடுத்துக் கொடுத்தார். மோதிரம், மாலை, அவ்வளவுதான். "1967-லேயே அண்ணாவின் அரசு, புரோகிதர் இல்லாமல் உறவினர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும் என்று சட்டம் போட்டதே! நமக்கு இது ஒன்றும் புதிதில்லை" என்று என் கணவர் சம்பந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஐந்து கிலோ அரிசியில் நான் கிளறிய புளியோதரை முதலில் காலியானது. அப்பளம்தான் காற்றில் நமுத்துப்போயிற்று. இரவு ஒன்பதரை மணிக்குச் சூரியன் மறையும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இத்தகைய உறவு குற்றமல்ல என்றது. ஆனால் 2023 அக்டோபர் 17-ஆம் தேதித் தீர்ப்பில் திருமண உரிமையைத் தரவில்லை. அது சட்டமன்றங்களின் வேலை என்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சொல்லியிருக்கிறது. ஆனாலும் என் மகளும் மருமகளும் செம்பூருக்கு வந்து இறங்கினால் சட்டத்தின் கண்ணில் இருவரும் தோழிகள்தான். அவர்களைத் தம்பதி என்று இங்கே ஏற்க வேண்டியவர்கள் மனிதர்கள். அதாவது நீங்களும் நானும்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களை அழைக்காததற்கு இடம் போதாதது காரணமல்ல. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் நாத்தனாரை நான் தப்பாக எடைபோட்டதுபோல உங்களையும் எடைபோட்டுவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. நம் கட்டிடங்களில் என் மகளைப்போல இன்னொரு பிள்ளை வாய் திறக்கப் பயந்துகொண்டிருக்கலாம். அந்தத் தாயாருக்காவது இந்தக் கட்டுரை உதவட்டும்.

2025 பொங்கலுக்கு அண்ணன் செம்பூர் வந்திருந்தார். அலமாரியில் இருந்த கல்யாணப் போட்டோவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாலை யார் கட்டினது?"

"நான்தான்."

"கொஞ்சம் நெருக்கமாக் கட்டியிருக்கலாம்" என்றார். போட்டோவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.