உங்களுக்குத் தெரியுமா?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கிறது மேலகரம். அவ்வூர்க்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடியது திருக்குற்றாலக் குறவஞ்சி. குற்றாலநாதர் மேல் காதல்கொண்ட வசந்தவல்லிக்குக் குறத்தி குறி சொல்லும் கதை. பரிசாக மதுரை நாயக்க மன்னர் தந்த நிலத்துக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர். படிப்பதற்கு மட்டும் எழுதியதல்ல இது; ஆடிப்பாட எழுதியது! அச்சான நூலிலும் பாடல்களின் தலைப்பில் ராகமும் தாளமும் நிற்கும். ஆனாலும் பின்வந்தவர்கள் அதே வரிகளுக்குப் புது மெட்டுகள் கட்டினார்கள். 1944இல் ருக்மிணி தேவி இதைக் கலாக்ஷேத்ராவின் முதல் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். வசந்தவல்லி பந்தாடும் பாட்டைக் கேட்டுப்பாருங்கள். சொற்களிலேயே பந்து துள்ளும். அடுத்தமுறை அருவியில் குளிக்கப் போனால், மேலகரத்திலும் சற்று நின்று வாருங்கள்.