கல்லாவுக்கு வந்த செல்போன்: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கடை வைத்திருக்கிறீர்களா? செல்போனிலும் கார்டிலும் பணம் வாங்கத் தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பக்கத்துக் கடையில் இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது.

2016-ல் அறிமுகமான யுபிஐ முறையில், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக வரும் பணத்திற்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. ரூபே டெபிட் கார்டுக்கும் அப்படியே. மற்ற டெபிட் கார்டுகளை மெஷினில் தேய்த்தால், ஆண்டு விற்பனை 20 லட்ச ரூபாய் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேல் 0.90 சதவீதம் என்று 2018-ல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது.

உதாரணமாக, ஆண்டுக்கு 36 லட்ச ரூபாய் விற்கும் கடைக்கு இந்தக் கார்டுகளில் மாதம் 1 லட்சம் வந்தால், கமிஷன் 900 ரூபாய் வரை போகும். லாபம் நூற்றுக்கு 5 ரூபாய் என்றால், அதை ஈடுகட்டவே 18,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். அதே தொகை யுபிஐ-யில் வந்தால் இந்தச் செலவு இல்லை.

ஆனால் யுபிஐ-யிலும் கவனம் தேவை. பணம் வந்த தகவல் முதலாளியின் செல்போனுக்குப் போகும். அவர் வெளியே இருந்தால் கடைப் பையன் என்ன செய்வான்? வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் போலியாகவும் இருக்கலாம். தொகையை உரக்கச் சொல்லும் ஸ்பீக்கர் இங்கே உதவும். அதற்கு மாத வாடகை இருந்தால் செலவில் எழுதுங்கள்.

சில்லறை இல்லாமல் கைநழுவிய வியாபாரம் எவ்வளவு மீண்டது என்பதை வரவில் எழுதுங்கள். மூன்று மாதம் இப்படிப் பார்த்தபின் கார்டு மெஷின் வாங்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.