மைக் வாங்கும் முன் அறையைக் கேளுங்க!



கவர் சாங் பாடுறவங்க, குறும்படத்துக்கு டப்பிங் பேச இடம் தேடுறவங்க, பாட்காஸ்ட் ஆரம்பிக்கணும்னு மூணு செமஸ்டரா பேசிக்கிட்டே இருக்கறவங்க… நம்ம ஹாஸ்டலில் இவங்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒண்ணுதான்: "எந்த மைக் வாங்கலாம்?"

கேள்வி சரிதான். ஆனால் அது மூணாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. "என் அறை எப்படி இருக்கு?" என்பது முதல் கேள்வி. "நான் எதைப் பதிவு பண்ணப் போறேன்?" என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கும் மைக், ரெண்டு மாசத்தில் பெட்டிக்குள் போய்விடும். வீட்டிலிருந்து வரும் மாதப் பணத்தில் மிச்சம் பிடித்தோ, டியூஷன் எடுத்தோ சேர்த்த காசு அது. அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டே செலவு பண்ணுவோம்.

முதல் கருவி: உங்க அறை

குரல் உங்க வாயிலிருந்து கிளம்பி அறை, மைக், கேபிள், இன்டர்ஃபேஸ், லேப்டாப் என்ற வரிசையில் போகிறது. இதில் அறைதான் முதலில் வருகிறது. கிணறே கலங்கலா இருந்தா, வெள்ளிக் குடத்தில் மொண்டாலும் கலங்கல் தண்ணிதானே வரும்?

அறைக்கு நடுவில் நின்று ஒரு தடவை பலமா கை தட்டுங்க. "டப்" என்று நின்றுவிட்டால் நல்லது. "டர்ர்ங்" என்று ஒரு வால் நீண்டால் அது எதிரொலிப்பு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் வெறும் சுவரில் பட்டுத் திரும்ப அதற்கு ஏறக்குறைய 9 மில்லி நொடிதான் ஆகும். அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதைக் காது தனி எதிரொலியாகப் பிரிக்காது. அது குரலோடு கலந்து, பாத்ரூமில் பேசின மாதிரி கேட்கும். பதிவான பிறகு இதைச் சாஃப்ட்வேரில் முழுசா எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

தீர்வு கையிலேயே இருக்கு. தடிமனான கம்பளி, ரஜாய், மெத்தை, துணி நிறைந்த அலமாரி எல்லாமே ஒலியை உறிஞ்சும். எங்கே வைக்கணும் என்பதுதான் விஷயம். பாடப் பயன்படும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை. முன்னால் வருவதை நன்றாகக் கேட்கும், பின்னால் வருவதைக் குறைவாகக் கேட்கும். மைக் உங்களைப் பார்க்கிறது. உங்க முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. அதனால் முதல் கம்பளி உங்க முதுகுக்குப் பின்னால் தொங்கணும். மைக்குக்குப் பின்னால் இல்லை.

முட்டை அட்டை ஒட்டலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பீங்க. வேண்டாம். அது மெல்லிய காகிதம். மேல் ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். பக்கத்து அறைச் சத்தத்தை அது தடுக்காது. வெளிச் சத்தத்தைத் தடுக்க எடையுள்ள சுவரும் இடுக்கில்லாத கதவும் வேணும். ஹாஸ்டலில் அது நடக்காது. அதற்குப் பதில் நேரத்தைத் தேர்ந்தெடுங்க. ராத்திரி காரிடார் அடங்கின பிறகு, ஜன்னலைச் சாத்தி, மூணு நிமிஷத்துக்கு ஃபேனை நிறுத்திப் பதிவு பண்ணுங்க. வேர்க்கும், ஆனால் பைசா செலவில்லை.

ஒரு சாண் கணக்கு

தூரம் இரண்டு மடங்கானால் நேரடியாக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலிப்போ கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கும். 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று பாடுறவர் 15 சென்டிமீட்டருக்கு வந்தால், இரண்டு தடவை பாதியாகிறது. குரல் 12 டெசிபல் கூடுகிறது. அதாவது ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவான தூரம். மைக்கை மாற்றாமலே கிடைக்கும் இந்த வித்தியாசம், விலை கூடின மைக் வாங்கினாலும் கிடைக்காது.

கிட்டப் போனால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, குரலில் அடிக்கனம் கூடும். இரண்டு, "ப" போன்ற எழுத்துகளில் காற்று மோதி "புப்" என்று அடிக்கும். இதற்குத்தான் பாப் ஃபில்டர். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டினாலும் அதே வேலை நடக்கும்.

டைனமிக்கா, கண்டன்சரா?

டைனமிக் மைக்கில் ஒரு சவ்வு, அதோடு ஒட்டிய கம்பிச்சுருள், ஒரு காந்தம். குரல் சவ்வை அசைக்கும், சுருள் காந்தப்புலத்தில் ஆடும், மின்னழுத்தம் பிறக்கும். முதல் வருஷ இயற்பியலில் படித்த ஃபாரடே விதியேதான். கண்டன்சர் மைக்கில் சவ்வே ஒரு மின்தேக்கியின் தட்டு. அது எடை குறைவானது, நுணுக்கமாகக் கேட்கும்; வேலை செய்ய வெளியிலிருந்து மின்சாரம் வேணும். இன்டர்ஃபேஸில் "48 வோல்ட்" என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதுதான் அந்த ஃபான்டம் பவர்.

"கண்டன்சர்தான் ஸ்டூடியோ மைக், டைனமிக் மேடைக்கு மட்டும்" என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கிட்டு இருக்கு. 1982-இல் வந்த 'த்ரில்லர்' ஆல்பத்தில் மைக்கேல் ஜாக்சன் பாடியது ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கில். அப்புறம் என்ன?

நம்ம மாதிரி சத்தமான அறைக்கு டைனமிக் பொருத்தம். அது அறைச் சத்தத்தைத் தானாக வடிகட்டும் என்று நினைக்காதீங்க. அதை வாய்க்குக் கிட்டத்தில் வைத்துப் பயன்படுத்துகிறோம். அதனால் குரல் ஓங்கி, அறை அடங்குகிறது. 1966-இலிருந்து விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 இதற்கு நல்ல உதாரணம். அந்த விலை கட்டாது என்றால் பெரிங்கர் எக்ஸ்எம்8500 போன்ற ஒன்று தொடங்கப் போதும். எஸ்எம்58-க்குப் போலிகள் நிறைய உலவுகின்றன; பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்க.

வீணை, வயலின், அக்கூஸ்டிக் கிதார் போன்ற மென்மையான ஒலிக்கு, அதுவும் அமைதியான வீட்டில் பதிவு பண்ணுவதாக இருந்தால், ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 போன்ற கண்டன்சர் அழகா எடுக்கும். பறைக்கும் தவிலுக்கும் டைனமிக்கே தாங்கும்.

யூஎஸ்பி மைக்? ஒரே ஒருத்தர் பேசும் பாட்காஸ்டுக்குத் தாராளமா வாங்கலாம். இன்டர்ஃபேஸ் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கு. ஆனால் ஒரு லேப்டாப்பில் இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒன்றாக ஓட்டுவது தலைவலி. நாளைக்கு ரெண்டு பேர் பாடணும் என்றால் எக்ஸ்எல்ஆர் மைக்கும் இன்டர்ஃபேஸும் என்று போங்க.

இன்டர்ஃபேஸில் எதைப் பார்க்கணும்?

மைக்கிலிருந்து வரும் சின்ன மின்னழுத்தத்தைப் பெருக்கி, எண்களாக மாற்றி லேப்டாப்புக்கு அனுப்புவது இன்டர்ஃபேஸின் வேலை. பெட்டி மேல் 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்காதீங்க. மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நைக்விஸ்ட் தேற்றப்படி அதன் இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் போதும். 44,100 அதைத் தாண்டிவிடுகிறது.

பிட் எண்ணிக்கைதான் நமக்கு உதவும். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144 என்பது ஏட்டுக் கணக்கு. 24 பிட் இருந்தால், உச்சத்தில் பாடும்போதும் மீட்டர் மைனஸ் 12-ஐத் தாண்டாமல் வைத்து நிம்மதியா பதிவு பண்ணலாம். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் அந்த டேக் போச்சு. உடைந்த ஒலி சரியாகத் திரும்பி வராது.

டைனமிக் மைக் வாங்குறவங்க 'கெயின்' எத்தனை டெசிபல் என்று கட்டாயம் பாருங்க. 55-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் முழுசா திருகவேண்டி வரும். இரைச்சலும் கூடவே வரும். 'டைரக்ட் மானிட்டர்' பொத்தானும் முக்கியம். உங்க குரல் லேப்டாப்புக்குப் போய்ச் சுற்றித் தாமதமாக வராமல், நேரடியாக ஹெட்ஃபோனுக்கு வரும். ஒரு மைக் போதும் என்றால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, இரண்டு வேணும் என்றால் பெரிங்கர் யூஎம்சி202எச்டி போன்றவற்றை ஒப்பிட்டுப் பாருங்க.

கேபிளில் கஞ்சத்தனமும் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். எக்ஸ்எல்ஆரின் மூன்று பின்களில் ஒன்று கிரவுண்டு. மற்ற இரண்டிலும் வழியில் ஒரே மாதிரி ஏறும் இரைச்சலை இன்டர்ஃபேஸ் கழித்துவிடுகிறது. ஈசிஇ மக்களுக்கு இது டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் பாடம். சால்டரிங் தெரிந்தால் ரிச்சி தெருவில் கனெக்டரும் ஒயரும் வாங்கி நீங்களே செய்யலாம். பதிவில் "ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால், முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்க. பல சமயம் அதோடு போய்விடும்.

ஹெட்ஃபோனும் சாஃப்ட்வேரும்

காதை முழுசா மூடும் குளோஸ்டு பேக் ஹெட்ஃபோன் வாங்குங்க. இல்லாவிட்டால் அதில் ஓடும் டிராக் மைக்கில் கசியும். புளூடூத் வேண்டாம், தாமதம் பாட்டையே குழப்பிவிடும். ஸ்பீக்கரை இப்போதைக்கு மறந்துடுங்க. மூன்று மீட்டர் நீள அறையில் 57 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ் ஓரிடத்தில் ஓங்கியும் ஓரிடத்தில் காணாமலும் போகும். அதை நம்பி மிக்ஸ் பண்ண முடியாது.

சாஃப்ட்வேருக்குக் காசே வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். கிராக் பண்ணின சாஃப்ட்வேரை இறக்கி, புராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும் லேப்டாப்பை வைரஸுக்குக் கொடுக்காதீங்க.

சரி, எவ்வளவு ஒதுக்கலாம்?

கையில் 11,000 ரூபாய் இருந்தால் என் பங்கீடு இப்படி:

- இன்டர்ஃபேஸ்: 5,000
- டைனமிக் மைக்: 2,500
- ஹெட்ஃபோன்: 2,000
- கேபிள், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர்: 1,500
- கம்பளி: உங்க கட்டிலில் ஏற்கெனவே இருக்கு

விலை மாறிக்கிட்டே இருக்கும். இது பங்கு எப்படிப் பிரிக்கணும் என்பதற்கான கணக்கு மட்டும். ஒரு மாடல் இதற்குள் அடங்காவிட்டால் செகண்ட் ஹேண்டில் தேடுங்க. பேசிப் பார்த்து, பதிவைக் கேட்டுவிட்டு வாங்குங்க. கண்டன்சரைப் பழையதாக வாங்கும்போது கூடுதல் கவனம். அதற்கு ஈரம் ஆகாது. கடலோர ஊர்க்காரங்க சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு டப்பாவில் போட்டு வையுங்க.

கையில் ஒண்ணுமே இல்லையா? போன் போதும். ரெக்கார்டரில் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு சாண் தள்ளி வையுங்க. லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாட்டி பாடும் தாலாட்டையோ, பெரியப்பா சொல்லும் ஊர்க் கதையையோ பதிவு பண்ணும் எண்ணம் இருந்தால் இன்டர்ஃபேஸ் வாங்கும் வரை தள்ளிப் போடாதீங்க. மைக் அடுத்த வருஷமும் கடையில் இருக்கும். அவங்க குரல் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. ஃபேனை நிறுத்தி, போனில் 30 நொடி வெறும் அமைதியைப் பதிவு பண்ணி, ஹெட்ஃபோனில் சத்தமா வைத்துக் கேளுங்க. என்னென்ன சத்தம் கேட்கிறதோ ஒரு தாளில் எழுதுங்க: லேப்டாப் ஃபேன், டியூப்லைட் சோக், குழாய்ச் சொட்டு, பக்கத்து அறைப் பாட்டு. எத்தனையைக் காசில்லாமல் நிறுத்த முடியும் என்று பாருங்க. அந்தப் பட்டியலை முடித்த பிறகு மைக் கடைக்குப் போகலாம்.