பில்பாவோ: அருங்காட்சியகத்துக்கு முன்னால் நடந்த வேலை

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியில், நெர்வியோன் ஆற்றங்கரையில் இருக்கிறது பில்பாவோ. இரும்புத் தாது, உருக்காலை, கப்பல் கட்டும் தளம் என்று நூறாண்டுக்கு மேல் செழித்த ஊர் 1980களில் சரிந்தது. ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. யூஸ்கல்டுனா கப்பல் தளத்தை மூடக் கூடாது என்று 1984இல் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போலீசாரோடு மோதினார்கள். சில ஆண்டுகளில் அதுவும் போனது. 1983 ஆகஸ்டில் வந்த வெள்ளம் பழைய நகரை மூழ்கடித்தது. போதாததற்கு, பாஸ்க் தனிநாடு கேட்ட ஈ.டி.ஏ. தீவிரவாதிகளின் தாக்குதல்கள்.

இந்த ஊரில்தான் 1997 அக்டோபரில் பிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத டைட்டானியத் தகடுகளால் போர்த்திய கட்டடம். மேகம் கவிந்தால் சாம்பல், வெயில் பட்டால் பொன் என்று நிறம் மாறும். திறப்பு விழாவுக்குச் சில நாட்கள் முன்பு, பூந்தொட்டிகளில் வெடிகுண்டுகளை ஒளித்துவைக்க வந்தவர்களைத் தடுத்த போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாசல் சதுக்கத்துக்கு இன்று அவர் பெயர்தான். முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து குவிந்தார்கள். ஒரு கட்டடம் ஊரையே மாற்றிவிட்டது என்ற பேச்சு அப்போது பிறந்தது.

அந்தப் பேச்சு பாதி உண்மைதான். மீதிப் பாதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் நேராக ஆற்றில் கலந்துகொண்டிருந்தன. சில இடங்களில் மீன் வாழத் தேவையான பிராணவாயுவே நீரில் இல்லை. 1979இல் வகுத்த துப்புரவுத் திட்டத்தின்படி கரை நெடுகக் குழாய் பதித்து, கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினார்கள். பல ஆண்டுகள் இழுத்த இந்த வேலைக்கு ஆன செலவு சுமார் 100 கோடி யூரோ. அருங்காட்சியகக் கட்டடத்துக்கு ஆனதோ சுமார் 10 கோடி டாலர். நாற்றமெடுக்கும் ஆற்றின் கரையில் எவ்வளவு அழகான கட்டடத்தை எழுப்பினாலும் யார் வந்து நின்றிருப்பார்கள்?

அடுத்தது நிலம். ஊர் நடுவே, ஆற்றை ஒட்டியிருந்த அபாந்தோய்பாரா என்ற பகுதி, துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் கப்பல் தளத்துக்கும் சொந்தமாகக் கிடந்தது. 1992இல் மத்திய அரசும் பாஸ்க் அரசு அமைப்புகளும் சரிபாதிப் பங்குடன் ‘பில்பாவோ ரியா 2000’ என்ற பொது நிறுவனத்தைத் தொடங்கின. நிலத்தைச் சீராக்கி, ஒரு பகுதியை வீடு, அலுவலகம் கட்டுவோருக்கு விற்று, வந்த பணத்தில் ரயில் பாதையைப் பூமிக்குள் இறக்கி, ஆற்றோரம் நடைபாதையும் பூங்காவும் அமைத்தது அந்த நிறுவனம். சரக்குத் துறைமுகம் கடல்முகத்துக்கு நகர்ந்தது. 1995இல், நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த நிலையங்களுடன் மெட்ரோ ஓடத் தொடங்கியது. கண்ணாடிக் கூடு போன்ற அதன் வாசல்களை ஊர்மக்கள் செல்லமாக ‘ஃபோஸ்தெரிதோ’ என்கிறார்கள்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பாஸ்க் மாகாணங்கள் தங்கள் வரியைத் தாங்களே வசூலித்து, ஒரு பங்கை மட்டும் மாட்ரிட்டுக்குக் கட்டுகின்றன. அந்த நிதி உரிமை வேறு பல நகரங்களுக்கு இல்லை. பில்பாவோவைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்டவர்கள் பெரும்பாலும் மறந்தது இதைத்தான். அதே ஸ்பெயினில், சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவில் தொடங்கிய ‘கலாசார நகரம்’ என்ற கட்டட வளாகம் செலவு எகிறி, திட்டமிட்ட ஆறு கட்டடங்களில் நான்கோடு நின்றுபோனது.

பில்பாவோவிலும் பலன் எல்லோருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை. ஆற்றின் இடதுகரையில் உள்ள செஸ்தாவோதான் பெரிய உருக்காலை இயங்கிய தொழிலாளர் ஊர். 1996இல் ஆலை மூடப்பட்டது. ஓர் ஊதுலையை மட்டும் நினைவுச் சின்னமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத அந்த ஊரில் வேலையின்மை நெடுங்காலம் பாஸ்க் சராசரியைவிட அதிகமாகவே நீடித்தது.