கொட்டிலில் கிடந்த ஹொண்டா 90

பழைய இரும்பு வாங்குபவர் எமது படலைக்கு மூன்றாவது முறையாக வந்தபோதுதான் அம்மா, "என்ன விலை தருவியள்?" என்று கேட்டார். மாட்டுக் கொட்டிலின் மூலையில், கிடுகுக்கும் உரச் சாக்குகளுக்கும் கீழே ஐயாவின் ஹொண்டா 90 மோட்டார் சைக்கிள் கிடந்தது. வியாபாரி அதைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்து, நிறைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். ஒரு மாதத்து மளிகைச் சாமானுக்கும் அது காணாது. ஆயினும் கையில் காசில்லாத வீட்டில் அதுவும் காசுதான்.

அன்று அதைக் கொடுக்காமல் விட்டதற்கு ஐயாவின் நினைவு மட்டும் காரணமல்ல. வலிகாமம் வடக்கில் எமது செம்மண் காணியின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்திருந்தது. 1990 யூனில் விட்டு வந்த காணி அது. 2009இற்குப் பின்னர் அங்குள்ள காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. வீடு கட்டி உடனே குடியேற எம்மிடம் வசதி இருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்து எட்டு மைல் போய்த்தான் வெங்காயம் நடவேண்டும். வெயில் ஏறுமுன் தண்ணீர் இறைக்க வேண்டும். முதல் பஸ் வரும்போது வெயில் ஏறிவிடும்.

வேறு மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கடனுக்கு எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் தோட்டம் செய்யும் எமது தம்பிக்கு இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஷெல் துண்டு பட்டுப் போனவை. கைபிடியை உறுதியாகப் பிடிப்பான். கிளச்சை இழுத்துப் பிடிக்க அந்தக் கைக்குப் பலம் போதாது. ஐயாவின் ஹொண்டாவிலோ கிளச் பிடியே இல்லை. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது உள்ளேயுள்ள சிறு பாரங்கள் வெளிப்புறமாக விரிந்து கிளச்சைத் தாமாகவே பிணைக்கும். வேகம் குறைந்தால் அது தானாக விடும். கியரைக் காலால் மாற்றும்போது அந்தக் கால்மிதியே கிளச்சையும் விலக்கிவிடும். முன் பிறேக்கும் எரிபொருட் பிடியும் வலது கையில், பின் பிறேக் வலது காலில். ஆகவே தம்பிக்கு ஏற்ற வாகனம் எமது கொட்டிலிலேயே கறள் பிடித்துக் கிடந்தது.

இந்த வாகனம் வந்த வழி

இந்த அமைப்பு தற்செயலாக வந்ததல்ல. 1958இல் ஹொண்டா கம்பனி 'சுப்பர் கப்' என்ற சிறு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக அது இருக்கவேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். ஐயாவின் 90 அந்த இனத்தைச் சேர்ந்தது. 2017 அளவில் இந்த இனத்தில் 10 கோடி வாகனங்கள் செய்யப்பட்டுவிட்டன. ஆகவே இதற்கு உதிரிப்பாகம் கிடைப்பது இன்றும் பெரிய கஷ்டமல்ல.

அக்கம்பனியின் தொடக்கத்தையும் நாம் அறிந்திருப்பது நல்லது. 1946இல் யப்பான் யுத்தத்தில் அழிந்து கிடந்தது. உணவுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. சொய்ச்சிரோ ஹொண்டா என்பவர், படையினரின் வானொலிக் கருவிக்கு மின்சாரம் கொடுக்கப் பயன்பட்ட சிறு எஞ்சின் ஒன்றைக் கண்டார். அது கைவிடப்பட்டுக் கிடந்தது. அதை அவர் ஒரு சாதாரண சைக்கிளில் பூட்டினார். முதலாவதற்கு எரிபொருள் தாங்கியாகப் பொருத்தியது வீட்டிலிருந்த சுடுநீர்க் குடுவையை. அத்தகைய எஞ்சின்களில் சுமார் 500 வாங்கி, சைக்கிள்களில் பூட்டி விற்றார். யுத்தம் விட்டுச்சென்ற கழிவிலிருந்துதான் அந்தத் தொழில் எழுந்தது.

ஐயா ஓட்டிய காலம்

1990 யூனில் விதை வெங்காயச் சாக்கைப் பின்னாலும் தம்பியை முன்னாலும் வைத்து ஐயா இந்த ஹொண்டாவில் ஊரை விட்டு வந்தார். அதன் பின்னர் வடக்குக்குப் பெற்றோல் வராத காலம். எல்லோரையும் போல ஐயாவும் சிறு போத்தலில் சில துளி பெற்றோல் வைத்திருந்து, அதனால் எஞ்சினைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, சனத்துக்குள் ஓட்ட இடமின்றி நாவற்குழிப் பாலத்தால் மூட்டைகளோடு தள்ளிக்கொண்டே போனார்.

மண்ணெண்ணெய் அந்த நாட்களில் எம்மைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் எஞ்சினுக்கு அது நல்லதல்ல. அது முற்றாக எரியாமல் பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் கரியாகப் படியும். எரியாத மீதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, ஒயிலோடு கலந்து அதை நீராக்கிவிடும். பெற்றோல் மீண்டும் கிடைத்த பின்னரும் எஞ்சினைத் திறந்து துப்புரவாக்க ஐயாவுக்குக் காலமும் காசும் வாய்க்கவில்லை. 2003இல் ஒரு நாள் வெள்ளைப் புகை தள்ளி நின்றது. அடுத்த ஆண்டு ஐயாவும் காலமானார்.

முதலில் பத்திரம், பிறகு ஸ்பானர்

அயலில் ஒரு மெக்கானிக் அண்ணை இருந்தார். வயது எழுபதுக்கு மேல். அவர் கேட்ட முதல் கேள்வி, "புத்தகம் இருக்கோ?" என்பதுதான். பதிவுப் புத்தகம் அம்மாவின் பெட்டியில், எமது பிறப்புப் பத்திரங்களோடு பொலித்தீனில் சுற்றியபடி இருந்தது. ஒவ்வோர் இடப்பெயர்விலும் அம்மா முதலில் தூக்கியது அந்தப் பெட்டியைத்தான். புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் வாகனத்தில் தேடி ஒப்பிட்டுப் பார்த்தோம். சரியாக இருந்தன. ஐயாவின் மரணச் சான்றிதழோடு பெயர்மாற்ற அலுவலையும் தொடங்கினோம். பத்திரம் இல்லாத வாகனத்தில் காசைப் போடாதீர்கள். திருத்தி முடித்தாலும் றோட்டில் இறக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எமது ஹொண்டா எம்முடைய கண் முன்னாலேயே கிடந்தது. அண்மையில் விடுபட்ட காணியில் பழைய வாகனமோ நீர் இறைக்கும் இயந்திரமோ பற்றைக்குள் கிடந்தால் அதைத் தொடவேண்டாம், இழுக்கவும் வேண்டாம். அருகில் வெடிபொருள் இருக்கலாம். கிராம சேவையாளருக்கு அறிவித்து, இடம் துப்புரவாக்கப்பட்ட பின்னரே கிட்டப் போங்கள்.

அவசரப்பட்டதன் பலன்

முதல் நாளே நாம் பிழை விட்டோம். சைலன்சர் குழாயைப் பிடித்திருந்த நட்டு அசையவில்லை. ஸ்பானரில் நீளக் குழாயொன்றைச் செருகி எட்டி இழுத்தோம். நட்டோடு ஆணியும் முறிந்து வந்தது. எஞ்சின் தலைக்குள் இறுகியிருந்த மீதித் துண்டை லேத் வேலை செய்பவரிடம் கொண்டுபோய்த் துளைத்து எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குக் கொடுத்த கூலி, பின்னர் வாங்கிய பிஸ்டன் வளையங்களின் விலையை விட அதிகம்.

மெக்கானிக் அண்ணை ஏசவில்லை. "தம்பியவை, கறளோட மல்லுக்கட்டக் கூடாது. எண்ணெய் விட்டுப்போட்டுப் போய்ப் படுங்கோ. அது இரவிலை வேலை செய்யும்" என்றார்.

அதன் பின்னர் ஒவ்வொரு நட்டுக்கும் மாலையில் எண்ணெய் விட்டு, மறுநாள் மெதுவாகத் தட்டி, முதலில் சிறிது இறுக்கி, பிறகே இளக்கினோம். கழற்றிய பாகங்களைப் பால்மா ரின்களில் வெவ்வேறாகப் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று தங்கை கொப்பியில் எழுதினாள், படமும் கீறினாள். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் எம்மால் திரும்பப் பூட்டியிருக்க முடியாது.

வேலை நடந்த ஒழுங்கு

இறுகிய எஞ்சின்: பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையால் எஞ்சின் ஒயிலும் மண்ணெண்ணெயும் கலந்து இரண்டு மேசைக்கரண்டி விட்டோம். ஐந்து நாட்கள் பொறுத்தோம். கிக்கரை மிதிக்கவில்லை. இடப்பக்க மூடியைக் கழற்றி, சுழல் சக்கரத்தின் நட்டில் ஸ்பானர் போட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தோம். ஆறாம் நாள் அது இளகியது. வலுவில் மிதித்திருந்தால் வளையங்கள் உடைந்து சிலிண்டரைக் கீறியிருக்கும்.

கரி: தலையைக் கழற்றியபோது பிஸ்டன் மேல் கரி தடிப்பாகப் படிந்திருந்தது. பிஸ்டன் அலுமினியம், கத்தியால் சுரண்டினால் கீறும். மூங்கில் சீவலால் சுரண்டி மண்ணெண்ணெயால் கழுவினோம். சிலிண்டரை லேத்காரர் அளந்து பார்த்து, 50 மில்லிமீற்றர் உள்விட்டத்தை 0.25 மில்லிமீற்றர் பெருப்பித்தார். அதற்கேற்ற பிஸ்டனும் வளையங்களும் வாங்கினோம்.

ஒயில்: பழைய ஒயில் தண்ணீர் போல் ஓடி மண்ணெண்ணெய் மணத்தது. அடியிலுள்ள கம்பி வலையையும் கழற்றிக் கழுவினோம். அந்த வலை அடைத்தால் மேலுள்ள வால்வுப் பகுதிக்கு ஒயில் ஏறாது. இந்த எஞ்சினுக்குத் தேவையான ஒயில் ஒரு லீற்றருக்கும் குறைவு. குறைவான ஒயில் விரைவில் கெடும். ஆகவே நாட்பிந்தாமல் மாற்றவேண்டும்.

பொறி: பொயின்ற் முனைகளை மெல்லிய அரத்தாளால் துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் வைத்தோம். பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 வரை. வால்வுகளின் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீற்றராக வைத்தோம்.

எரிபொருள்: தாங்கிக்குள் கறள். ஒரு கைப்பிடி சிறு கூழாங்கற்களும் மண்ணெண்ணெயும் போட்டு, மாறி மாறிக் குலுக்கினோம். அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் தூரத்தில், முற்றத்து மரத்தடியில் செய்த வேலை இது. காபரேற்றரின் நுண்துளையைக் கம்பியால் குத்தவில்லை. தூரிகை மயிரால் துப்புரவாக்கினோம். கம்பி துளையைப் பெருப்பித்தால் பெற்றோல் வீணாகும்.

பிறேக், ரயர்: இவற்றில் மட்டும் நாம் காசு மிச்சம் பிடிக்கவில்லை. ரயரின் பூக்கள் தேயாமல் இருந்தன. ஆனால் பக்கங்களில் வெடிப்பு. இரண்டையும் மாற்றினோம். பழைய பிறேக் கட்டைகளின் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். அக்காலத்துக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அது நுரையீரலுக்குத் தீங்கு.

உடல்: இதன் உடல் தகட்டில் அழுத்திச் செய்யப்பட்டது. சேறு தங்கும் இடங்களில் உள்ளிருந்தே கறள் தின்னும். திருப்புளியால் எங்கும் தட்டிப் பார்த்தோம். பின்சக்கரத்து மட்காட் ஓரத்தில் மட்டும் ஓட்டை இருந்தது, ஒட்டுப் போட்டோம். வாகனத்தைத் தாங்கும் பாகம் உக்கியிருந்தால் மெக்கானிக் அண்ணை வேலையை அன்றோடு நிறுத்தச் சொல்லியிருப்பார்.

கணக்கு

வேலை முடியச் சுமார் நான்கு மாதங்கள் சென்றன. வெங்காயம் விற்ற காசு வந்தபோது பாகம் வாங்கினோம். வராதபோது வேலை நின்றது. கடன் வாங்கவில்லை. மொத்தச் செலவு, பழைய இரும்புக்காரர் சொன்ன தொகையைப் போல் பல மடங்கு. புதிய வாகனம் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் சிறு பகுதி. வர்ணம் பூசக் காசு மிஞ்சவில்லை. கறள் தடுக்கும் பூச்சு மட்டும் அடித்தோம். அழகு பிறகு பார்க்கலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

முதலில் தொடக்கிய நாளில் தம்பிதான் கிக்கரை மிதித்தான். பல முறை ஒன்றும் நடக்கவில்லை. பெற்றோல் குழாயைத் திறக்க மறந்திருந்தோம்! திறந்த பின் இரண்டாம் மிதியில் எஞ்சின் பிடித்தது. சிலிண்டருக்குப் பூசிய ஒயில் எரிந்து கொட்டில் முழுதும் புகை. மாடு கயிற்றை இழுத்துக் கத்தியது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, ஒன்றும் பேசாமல் வாசற்படியில் இருந்துவிட்டார்.

புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் எடுத்தோம். தம்பி கையின் நிலையை மறைக்காமல் சொல்லி, வைத்தியப் பரிசோதனைக்குப் போய்ச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றான். இப்போது அதிகாலை நாலரைக்குப் புறப்படுகிறான். வெயில் ஏறுமுன் தண்ணீர் மாறி முடிகிறது. திரும்பும்போது கீரைக்கட்டும் மிளகாயும் பின்னால் வரும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடக்கலாம்: மோட்டார் சைக்கிள், நீர் இறைக்கும் இயந்திரம், லான்ட்மாஸ்ரர். நிறைக்குக் கொடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வாகனமென்றால் பத்திரம் உண்டா? தாங்கும் பாகம் உக்காமல் இருக்கிறதா? உதிரிப்பாகம் கிடைக்குமா? அதற்கு உங்கள் வீட்டில் நாளாந்த வேலை இருக்கிறதா? நான்குக்கும் ஆம் என்றால் பொறுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் மனவருத்தமின்றிக் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற எவராலும் முடியாது.

எமது கொட்டிலின் அதே மூலையில் ஐயாவின் நீர் இறைக்கும் இயந்திரமும் கிடக்கிறது. நேற்று மாலை அதன் பிளக் துளைக்குள் எண்ணெய் விட்டிருக்கிறோம்.