மின்விசிறியை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

சென்ற வைகாசியில், காசி லங்கா பகுதியில் நான் குடியிருந்த வாடகை அறையில் நண்பர் ஒருவர் இரவு தங்க வந்தார். அங்கே ஓர் அடுக்குக் கட்டில். மேல்தட்டில் அதுவரை என் புத்தகப் பெட்டிகள்தாம் குடியிருந்தன. அவற்றை இறக்கிவிட்டு நண்பர் ஏறி அமர்ந்தார். சட்டையைக் கழற்றக் கையை நீட்டினார். சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி விரல்களைப் பதம் பார்த்துவிட்டது. நான்கு தையல், அதுவும் வலக்கை, பரீட்சைக்குப் பத்தே நாள்! பௌதிகம் படிக்கிறேன் என்று பெயர். எட்டு மாதமாக அண்ணாந்து பார்த்துப் படுத்திருந்தவன் ஒரு நாளாவது அளவு நாடாவை எடுத்தேனா? அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. உடலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை விலக்கி, வியர்வை விரைவில் ஆவியாகச் செய்கிறது. ஆவியாகும் வியர்வை உடலின் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. குளிர்வது ஆளே அன்றி அறை அன்று. ஆகவே ஆளில்லாத அறையில் விசிறி சுழல்வது வீண். காற்று ஆளிடம் வந்து சேராவிட்டாலும் அதே கதைதான்.

இறக்கைகள் தரையிலிருந்து 8 முதல் 9 அடி உயரத்தில் இருப்பது நலம். 7 அடிக்குக் கீழே இறங்கவே கூடாது. கூரைக்கும் இறக்கைக்கும் இடையே ஓரடியாவது வேண்டும். மேலிருக்கும் காற்றை இழுத்துத்தானே அது கீழே தள்ளுகிறது? கூரையோடு ஒட்டி மாட்டினால் இழுக்கக் காற்று ஏது?

கணக்கு எளிது. தண்டின் நீளத்தோடு ஏறக்குறைய அரை அடி கூட்டினால், கூரையிலிருந்து இறக்கை வரையுள்ள தூரம் கிடைக்கும். விசிறியோடு வழக்கமாக வரும் ஓரடித் தண்டு, 9 அடி அறையில் இறக்கையை ஏழரை அடியில் நிறுத்தும், போதும். 13 அடி உயரப் பழைய வீட்டிலோ அதே தண்டு பதினொன்றரை அடியில் நிறுத்திவிடும், பல்லிக்குத்தான் காற்று. அங்கே 4 அடித் தண்டு வாங்குங்கள். எட்டரை அடிக்கு வந்துவிடும். மாட்டும்போது தண்டின் மரையாணியும் அதைப் பூட்டும் ஊசியும் சரியாக உள்ளனவா என்று மிஸ்திரியிடம் கேளுங்கள். இந்தி தடுமாறினால் விரலால் காட்டுங்கள்.

சாதாரண அறைக்கு 1200 மில்லிமீட்டர் விசிறி ஏற்றது. மிகச் சிறியதற்கு 900. இறக்கை நுனிக்கும் சுவருக்கும் ஒன்றரை அடி இருக்கட்டும். 2023 முதல் விசிறிகளுக்கு நட்சத்திரக் குறி கட்டாயம். அதையும் பார்த்து வாங்குங்கள். 75 வாட் விசிறி நாளுக்கு 16 மணி ஓடினால் மாதம் 36 யூனிட். 30 வாட் விசிறிக்கு 15 யூனிட்டும் ஆகாது.

இனி அடுக்குக் கட்டில். மேல்தட்டு 5 அடி. அமர்ந்தவர் தலை மேலும் 3 அடி. ஆக 8 அடி. என் அறையிலோ இறக்கை ஏழரை அடியில்! கட்டிலை நகர்த்தலாமா? இறக்கை நடுவிலிருந்து 2 அடி, நீட்டிய கை ஏறக்குறைய 3 அடி. கட்டில் விளிம்பு விசிறியின் நடுவிலிருந்து 5 அடிக்கு அப்பால் இருக்கவேண்டும். பத்தடி அறையில் அந்த 5 அடியில் சுவரே வந்துவிடும். தண்டைக் குறைத்தாலும் கைக்கு எட்டும். ஆகவே கூரை விசிறியைக் கழற்றிவிட்டு, கட்டிலிலிருந்து கைக்கு எட்டாத சுவரில் கூண்டிட்ட சுவர் விசிறி ஒன்றை மாட்டினோம். வீட்டுக்காரர் பாதிப் பணம் தந்தார். மீதிக்கு நண்பரிடம் கை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.